அப்புத்தளையில் இருவராக ஒரு படநடை: கெமரா புதிதாகப் பிடிப்பவர்களுக்கு

இயற்கையைப் படம் எடுக்கத் தொடங்குபவர்கள் தனியாகப் போகத்தான் ஆசைப்படுகிறார்கள். பேச்சுச் சத்தத்துக்குப் பறவை பறந்துவிடும் என்ற பயம். இலங்கை மலையகத்தில் எனக்கு அது சரியாகப் படவில்லை. இங்கே ஒருவர் கண் கெமராவுக்குள் இருக்கும்போது இன்னொருவர் கண் வெளியே இருக்க வேண்டும். பாதையோரம் ஆழமான கான் இருக்கும், வளைவில் கொழுந்து லொறி வரும், தலைக்கு மேல் குளவிக்கூடு தொங்கும். அதனால் பொறுமையுள்ள ஒரு நண்பரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவரும் படம் எடுப்பவராக இருந்தால் இன்னும் நல்லது, நீங்கள் ஒரே செடியின் முன் அரை மணி நேரம் நின்றாலும் அவசரப்படுத்த மாட்டார்.

பாதை: ஏற வேண்டாம், இறங்குங்கள்

முதல் நடைக்கு அப்புத்தளைப் பக்கம் உள்ள லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனை போதும். தேயிலை வணிகர் தொமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் என்பார்கள். எல்லோரும் தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மேலே ஏழு கிலோமீட்டர் ஏறுகிறார்கள். மூச்சு வாங்கினால் கை ஆடும், கை ஆடினால் படம் கலங்கும். நீங்கள் விடியுமுன் டவுனில் ஓட்டோ பிடித்து உச்சிக்கே போய்விடுங்கள், பிறகு ஆறுதலாக இறங்கி வரலாம். ஓட்டோவை முதல் நாளே பேசி வைக்க வேண்டும். நம் நாட்டில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் எழும். அரை மணி முன்னதாக மேலே இருங்கள். பொழுது ஏறியதும் பள்ளத்திலிருந்து மூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுவது வழக்கம். இறங்கி முடிந்ததும் தொழிற்சாலையடியில் டவுனுக்கு பஸ் கிடைக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவு. ஒக்டோபர், நவம்பர் மழைக்காலம், தொடங்குபவர்களுக்கு வேண்டாம்.

பையில் என்ன?

இருவரும் ஒரே மாதிரி லென்ஸ் கொண்டுவருவது வீண். ஒருவர் அகலக் கோணம், மற்றவர் தூரத்துக்கான ஸூம் என்று பேசிவைத்து, பாதிவழியில் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு கெமராவிலும் லென்ஸ் மாட்டும் பொருத்து ஒரே வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கெமராவையே மாற்றிக் கொடுங்கள். போன் மட்டும்தான் இருக்கிறதா? தாராளமாக வாருங்கள். குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும், மேலதிகமாக உள்ளதை உள்சட்டைப் பையில் வையுங்கள். ஈரமான நாளில் அட்டை ஏறும், சப்பாத்திலும் காலுறையிலும் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு வந்தால் தொல்லை குறையும்.

மூட்டத்தை எடுப்பது

புதியவர்களின் மூட்டப் படம் ஏன் அழுக்குச் சாம்பலாக வருகிறது? கெமரா தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். வெள்ளை மூட்டத்தைக் காட்டினால் ‘வெளிச்சம் கூடிவிட்டது’ என்று நினைத்து இருட்டாக்கிவிடும். எனவே எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) +0.7 அல்லது +1 வரை கூட்டுங்கள். போனில் என்றால் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். வெள்ளைச் சமநிலையை (வைட் பெலன்ஸ்) ‘மேகமூட்டம்’ என்பதில் வைத்தால் நீலம் குறையும்.

ஃபோகஸ் இன்னொரு தொல்லை. வெறும் மூட்டத்தில் லென்ஸ் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் ஓடும். சில்வர் ஓக் மரத்தின் கறுத்த தண்டு ஒன்றின் விளிம்பில் ஃபோகஸ் செய்யுங்கள். அந்த மரமே படத்துக்கு ஒரு பிடிமானமும் ஆகும். மூட்டம் மட்டும் உள்ள படம் வெள்ளைத் தாள்தான். அகலக் கோணத்தைவிட நீள லென்ஸ் இங்கே உதவும், அடுக்கடுக்கான மலைகளை நெருக்கிக் காட்டும்.

வெயில் லேசாக வந்ததும் குனியுங்கள். தேயிலைச் செடியின் மேல் சிலந்தி வலைகள் பனித்துளியோடு விரிந்திருக்கும். வெயில் வலைக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள், அதன் பின்புலமாக நிழலில் இருக்கும் சரிவு வரட்டும். அப்போதுதான் துளிகள் மின்னும். லென்ஸின் துவாரத்தை (அபேச்சர்) f/8 அளவில் வைத்து, வலைக்கு நேராகக் கெமராவைப் பிடியுங்கள்.

பறவை

பறவையைத் துரத்தக் கூடாது. மரமும் புதரும் சேரும் ஒரு மூலையைப் பார்த்துப் பத்து நிமிடம் நில்லுங்கள். காதோரம் மஞ்சள் மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னான் (புல்புல் பறவை) வந்தால் விடாதீர்கள். அது இலங்கை மலைநாட்டுக்கே உரிய இனம். உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 செக்கன், பறப்பதற்கு 1/1000 அல்லது அதைவிட வேகமாக. ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) தானியங்கி நிலையில் விட்டு 3200 வரை அனுமதியுங்கள். ஐஎஸ்ஓ கூடிப் புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் நண்பர் மிகவும் பயன்படுவார். ‘அந்தா அங்க மச்சான்!’ என்று விரல் நீட்டினால் பறவை போய்விடும். கடிகாரக் கணக்கில் மெதுவாகச் சொல்லப் பழகுங்கள்: நேர் முன்னே பன்னிரண்டு மணி, வலது கைப்பக்கம் மூன்று மணி. ‘பதினொரு மணி, இரண்டாவது கிளை’ என்றால் கெமராவிலிருந்து கண் எடுக்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

கொழுந்து பறிப்பவர்கள்

மேலிருந்து ஸூம் போட்டுத் திருட்டுத்தனமாக எடுப்பது எனக்குப் பிடிக்காது. அவர்களுக்குக் கொழுந்து நிறைதான் கணக்கு. நிறுத்தி நிற்கவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடைய நேரம். கிட்டே போய் ‘அக்கா, வேலை செய்யச் செய்ய ஒரு படம் எடுக்கலாமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று நடந்துவிடுங்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலிலும் அப்படியே, கேட்காமல் கெமராவைத் தூக்க வேண்டாம்.

கேட்கும்போதே குளவி எந்த மலையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். தோட்டங்களில் குளவி கொட்டி உயிர் போனவர்கள் உண்டு. பாறை இடுக்கிலோ மரத்திலோ கூடு தெரிந்தால், எவ்வளவு அழகாக வெயில் விழுந்தாலும் சத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள்.

கீழே வந்த பிறகு

பஸ் வரும்வரை ஒரு கடையில் பிளேன்டீயோடு உட்கார்ந்து கெமராக்களை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் படத்தில் நீங்கள் ஐந்து, உங்கள் படத்தில் அவர் ஐந்து தெரிவு செய்யட்டும். நீங்கள் ஒதுக்க நினைத்ததை அவர் எடுத்தால் ஏன் என்று கேளுங்கள். சின்னத் திரையைப் பார்த்து எதையும் அழிக்க வேண்டாம், வீட்டுக்குப் போய் பெரிய திரையில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், குளிரிலிருந்து கீழ்நாட்டுச் சூட்டுக்கு இறங்குபவர்கள் கெமராப் பையை உடனே திறக்கக் கூடாது. லென்ஸில் நீர் பூத்துவிடும். மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள்.