மலையக வீட்டின் சின்ன அறையை வளர்ந்த பிள்ளைக்கு ஏற்றதாக மாற்றுவது எப்படி?

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) படிக்கிற வயது வந்துவிட்டால் பிள்ளைக்குத் தனியாக ஓர் இடம் வேண்டும். ஆனால் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பரா, அதாவது வரிசை வீட்டின் ஒற்றை அறை, 10 அடிக்கு 12 அடிதான். 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய 550 சதுர அடி வீட்டிலும் பிள்ளைக்கு ஒதுக்குகிற அறை கட்டிலும் மேசையும் போட்டாலே நிறைந்துவிடும். இஸ்தோப்பை (முன் விறாந்தையை) மறைத்து எடுத்த அறை என்றால் கேட்கவே வேண்டாம்.

இடம் போதாததைவிட எனக்குப் பெரிய கவலை ஈரம். இணையத்தில் காட்டுகிற அழகான சின்ன அறைகளில் எல்லாச் சாமானும் சுவரோடு ஒட்டியிருக்கும். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ அப்படி வைத்தால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அலுமாரியின் முதுகில் பூஞ்சணம் படர்ந்துவிடும், வெள்ளை யூனிஃபோமில் கரும்புள்ளி விழும். அதனால் காற்றுக்கு வழி விட்ட பிறகுதான் கட்டில், மேசை எல்லாம். கீழே சொல்வதில் எதற்கும் சுவரை உடைக்க வேண்டியதில்லை, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு அலையவும் வேண்டியதில்லை.

1. முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்

அறை அவர்களுடையது. எங்கே உட்கார்ந்து படிக்க மனம் வருகிறது, எதை மற்றவர்கள் தொடக்கூடாது, இரவில் எவ்வளவு நேரம் லைட் எரியும் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். என் அக்கா மகளிடம் கேட்டபோது புது மேசைதான் கேட்பாள் என்று நினைத்திருந்தோம். "பூட்டுப் போட்ட ஒரு பெட்டி போதும் சித்தி" என்றாள். தம்பி தங்கைகள் ஓடித் திரிகிற வீட்டில் அது எவ்வளவு பெரிய தேவை என்று அப்போதுதான் உறைத்தது.

2. சுவரின் ஈரத்தைப் பாருங்கள்

ஓர் அடி சதுரத்துக்குப் பொலித்தீன் வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் வெளிச்சுவரில் இறுக்கமாக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் துளிர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கமாக இருக்கிற மேல்பக்கத்தில் துளிர்த்திருந்தால், மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகின்றன.

சுவருக்குள்ளிருந்து வருகிறது என்றால் வெளியே போய்ப் பாருங்கள். மலையைச் சரித்துக் கட்டிய வீடுகளில் பின்சுவரோடு மண் சரிந்து கிடக்கும், கான் (வடிகால்) அடைபட்டிருக்கும், கூரைப் பீலி ஒழுகும். மண்ணை வெட்டி, கானைத் துப்புரவாக்குங்கள். இதைச் செய்யாமல் பெயின்ட் வாங்கினால் காசு வீண். காற்றின் ஈரம்தான் என்றால் அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்துங்கள், காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்து விடுங்கள். குளிராகத்தான் இருக்கும், ஆனாலும் திறக்கத்தான் வேண்டும்.

பூஞ்சணத்தைக் காய்ந்தபடி துடைக்காதீர்கள், தூளாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும். முகத்தைத் துணியால் மூடி, சுவரை நனைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பழைய கல்சுவருக்குச் சுண்ணாம்பே சிறந்தது. சுவர் மூச்சு விடும், பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது, அறையும் வெளிச்சமாகும். சுவரை லேசாக நனைத்து, தண்ணீராகக் கரைத்து இரண்டு மூன்று தடவை அடியுங்கள். கண்ணில் தெறிக்கவிடாதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

3. தரையில் பத்திரிகை விரித்து அளவு பாருங்கள்

பழைய பத்திரிகைகளைக் கட்டில், மேசை, அலுமாரி அளவுக்கு வெட்டித் தரையில் பரப்பி, பிள்ளையை நடக்கவிட்டுப் பாருங்கள். 8 அடிக்கு 7 அடி அறையை உதாரணமாக எடுப்போம். 6 அடிக்கு 3 அடி கட்டிலை 8 அடி நீள உட்சுவரோடு போடுங்கள். அந்தச் சுவரில் 2 அடி மிஞ்சும், ஒடுக்கமான அலுமாரிக்கு அது போதும். கட்டிலுக்கு எதிரே 4 அடி அகலம் கிடைக்கும். ஜன்னலோரம் ஒன்றரை அடி ஆழமுள்ள மேசை, அதற்குப் பின்னால் சுவரிலிருந்து 3 அங்குல இடைவெளி. மிச்சம் 2 அடி 3 அங்குலம். கதிரையை இழுத்து உட்காரலாம், நடக்கவும் வழி இருக்கும்.

அந்த 3 அங்குலத்தை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளிச்சுவருக்கும் சாமானுக்கும் நடுவில் காற்று ஓட வேண்டும். பலகைத் துண்டு ஒன்றைச் சுவரோரம் தரையில் வைத்துவிட்டால் தள்ளித் தள்ளி ஒட்டிப்போகாது. கதவு உள்ளே திறந்தால் சுற்றும் இடமே இரண்டரை அடி போய்விடும். பிணைச்சலை மாற்றி வெளிப்பக்கமாகத் திறக்க வைக்க முடியுமென்றால் செய்துவிடுங்கள்.

4. கட்டில்

கட்டிலின் காலை உயர்த்தி அடியில் 15 அங்குலமாவது வைத்தால் இரண்டு பிளாஸ்டிக் பெட்டி நுழையும். மெத்தைக்கு அடியில் முழுப் பலகை போடாமல் இடைவெளி விட்டுச் சட்டம் அடியுங்கள், இல்லாவிட்டால் மெத்தையின் அடி வேர்த்துப் பூஞ்சணம் கட்டும். காலையில் கம்பளியை உடனே மடித்து வைக்காமல் கொஞ்ச நேரம் விரித்து விடுவதும் நல்லது.

மேலே கட்டில், கீழே மேசை என்ற மாடிக்கட்டில் பலருக்கு ஆசை. கணக்குப் பாருங்கள். கீழே உட்கார 50 அங்குலம், சட்டமும் மெத்தையும் 6, மேலே நிமிர்ந்து உட்கார 36. மொத்தம் 92 அங்குலம், அதாவது 7 அடி 8 அங்குலம். சீலிங் அடித்த உயரமான அறை என்றால் சரி. சீலிங் இல்லாத தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். பகலில் சூடு, மழையில் காதைப் பிளக்கும் சத்தம், விடியும்போது தகரத்திலிருந்து சொட்டு. அங்கே பிள்ளையால் தூங்க முடியாது.

5. மேசையும் வெளிச்சமும்

3 அடி நீளம், 29 அங்குல உயரம் போதும். வலது கைக்காரர் என்றால் ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் இடப்பக்கம் வரட்டும், எழுதும்போது கையின் நிழல் கொப்பியில் விழாது. மூடுபனி இறங்கினால் பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற ஊர்களில் சீலிங் பல்பு ஒன்றை நம்பிப் படிக்க முடியாது. சின்ன எல்.இ.டி. டேபிள் லாம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். மற்றவர்களின் தூக்கமும் கெடாது.

சுவரில் மடக்கு மேசை மாட்ட நினைப்பவர்கள் சுவரைத் தட்டிப் பாருங்கள். மண்சாந்தில் கட்டிய கல்சுவரில் ரோல் பிளக் (ஆணி இறுக்கச் சுவருக்குள் செருகும் பிளாஸ்டிக் துண்டு) நிற்காது, ஒரு நாள் புத்தகத்தோடு பெயர்ந்து விழும். தரையில் நிற்கிற இரண்டு மரக்காலில் பாரத்தை இறக்குங்கள். புத்தகத் தட்டுக்கும் இதே முறைதான்.

மரம் வாங்கும்போது பைனஸ் பலகை எடுத்து வார்னிஷ் பூசுங்கள். கடையில் பளபளப்பாக இருக்கிற மெலமைன் மேசைகளுக்கு உள்ளே இருப்பது மரத்தூள் பலகை. ஓரம் பிரிந்து ஈரம் ஏறினால் ஊதிப்போகும், பிறகு திருத்தவே முடியாது.

6. உடுப்பும் புத்தகமும்

யூனிஃபோமை அலுமாரிக்குள் அடைக்காமல் திறந்த கம்பியில் தொங்கவிடுங்கள். சப்பாத்து கதவுக்கு வெளியே. இந்த வருடத்துப் புத்தகங்களும் பாஸ்ட் பேப்பர்களும் (கடந்த பரீட்சை வினாத்தாள்கள்) மட்டும் மேசைத் தட்டில் இருக்கட்டும். பழையவற்றை நன்றாகக் காய்ந்த நாளில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள்.

7. கரண்ட்

லயங்களில் மின்னொழுக்கால் எத்தனை வீடுகள் எரிந்திருக்கின்றன என்று நமக்குத் தெரியும். ஒரு மல்டி பிளக்கில் இன்னொன்றைச் செருகாதீர்கள். ஹீட்டர், அயர்ன் இரண்டையும் எக்ஸ்டென்ஷன் கோட்டில் போடவே வேண்டாம். வயரை மெத்தைக்கு அடியில் கொண்டு போகக்கூடாது, போனைத் தலையணைக்குக் கீழே சார்ஜ் போடவும் கூடாது. மின்னொழுக்கு வந்தால் தானாகக் கரண்டை நிறுத்துகிற டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

8. மறைவு

கதவு வைக்க வழியில்லாத இடத்தில் கனமான துணித்திரை போடுங்கள். பிளைவுட்டில் மறைப்பதென்றால் கூரை வரை அடைக்காமல் மேலே ஒன்றரை அடி விடுங்கள், காற்றும் வெளிச்சமும் வரும். திரையோ கதவோ, பெரியவர்களும் குரல் கொடுத்துவிட்டு உள்ளே போகப் பழக வேண்டும். பெண் பிள்ளைகள் உடை மாற்ற, நிம்மதியாக இருக்க இது அவசியம். ஆண் பிள்ளைக்கும் அதே மரியாதை கொடுங்கள்.

அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் இழுத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவ மழைக்கு முன்னால், ஏப்ரலில். பதுளை, பண்டாரவளை பக்கம் வருடக் கடைசி மழைக்கு முன்னால், செப்டம்பரில். பிள்ளையையும் கூட நிறுத்திக்கொண்டு செய்யுங்கள், அடுத்த வருடம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.