எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்: கல்லூரி வழிகாட்டிக் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கிய முதல் வாரத்தில், வழிகாட்டி ஆசிரியர் தம் பொறுப்பிலுள்ள இருபது இருபத்தைந்து மாணவர்களை ஓர் அறையில் கூட்டி, "ஃபர்ஸ்ட் கிராஜுவேட் எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நானும் அப்படிச் சொன்னவன்தான். பட்டியலைச் சரிபார்க்கும் ஆசிரியருக்கு அது ஒரு நிமிட வேலை. ஆனால் எழுந்து நிற்கும் மாணவி, தன்னை யாரென்றே இன்னும் அறியாத ஒரு வகுப்பின் முன்னால், தன் வீட்டில் யாரும் படிக்கவில்லை என்பதைத் தன் பெயருக்கு முன்பாகவே அறிவித்துவிட்டு உட்காருகிறாள். அடுத்த வாரம் அதே அறையில் உதவித்தொகைப் படிவம் பெறாத பட்டியலின மாணவர்கள் யார் என்ற கேள்வி எழுகிறது. அதற்கு அடுத்த வாரம், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிற மாணவர் யார் என்று கேட்கப்படுகிறது. மூன்று வாரங்களில் வகுப்பு தானாகவே கூறுபட்டுவிடும். பிறகு அந்தக் குழுவில் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை என்று நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம்.

இந்த விவரங்கள் அனைத்தும் சேர்க்கை விண்ணப்பத்தில் ஏற்கெனவே உள்ளன. அலுவலகத்தில் கேட்டு வாங்கித் தனியே குறித்துக்கொள்ளலாம்; விடுபட்டவற்றை ஒரு தாளில் எழுதி மடித்துத் தரச் சொல்லலாம். சாதி, வருமானம், பெற்றோரின் தொழில், உடற்குறை, முகாம் முகவரி ஆகியவற்றைப் பிறர் காதுபடக் கேட்பதைக் கைவிடுவதுதான் முதல் வேலை. மற்ற தவறுகளைப் பிறகு சரிசெய்துகொள்ள முடியும். முதல் வாரத்தில் பட்ட கூச்சம் மூன்றாண்டுகள் மாறுவதில்லை.

தமிழ்நாட்டில் கல்லூரி வாசல்வரை வந்து சேர்வதற்கான ஏற்பாடுகள் அண்மை ஆண்டுகளில் கூடியுள்ளன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளிலும் வந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. ஆகவே நம் வகுப்பறைகளில் இன்று உட்கார்ந்திருப்பவர்களில் பலர், கல்லூரி என்பது எப்படி நடக்கிறது என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாதவர்கள். இன்டர்னல் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது, அரியர் விழுந்தால் எப்போது எழுதலாம், வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் என்ன ஆகும், உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா என்பவற்றை, படித்த குடும்பத்துப் பிள்ளை சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே அறிந்துவிடுகிறது. மற்றவருக்கு அதைச் சொல்ல வேண்டியவர் வழிகாட்டிதான். மாணவர் கேட்கட்டும், சொல்லலாம் என்று காத்திருப்பது இரண்டாவது பெரிய தவறு. எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

மூன்றாவது தவறு, குழுவை வெறும் பதிவேடாக நடத்துவது. வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தை, கல்லூரிகளின் தரத்தை அளவிடும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் காட்ட வேண்டியிருப்பதால், பெரும்பாலான கல்லூரிகளில் தாளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. பார்வைக் குழு வருவதற்கு முந்தைய வாரத்தில், இரண்டாண்டுச் சந்திப்புகளுக்கான கையெழுத்துகளை ஒரே மதியத்தில் ஒரே பேனாவால் வாங்கிய கல்லூரி ஒன்றில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அன்று கையெழுத்திட்ட மாணவர்கள், ஆசிரியர்கள் தங்களிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதைத் துல்லியமாகக் கற்றுக்கொண்டார்கள். இதற்கு மாற்று எளியது: பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கால அட்டவணைக்குள்ளேயே ஒரு மணி நேரம். மாலை நான்கு மணிக்குப் பிறகு வைத்தால் பேருந்தில் வருபவர்கள் வர மாட்டார்கள்; அவர்களுக்காகத்தான் குழுவே நடத்துகிறோம்.

பேருந்து என்றதும் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் துறையில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கடைசி வகுப்புக்கு வருவதே இல்லை. அவளுடைய வழிகாட்டி, விதிப்படி, படிவத்திலிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, "மதியத்துக்கு மேல் உங்கள் பெண் வகுப்பில் இருப்பதில்லை" என்று சொன்னார். அந்த எண் தாய்மாமனுடையது. வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் அந்த வீட்டின் காதில் அது வேறொன்றாக விழுந்தது. மூன்றாம் நாள் மாமன் நேரில் வந்து டி.சி. கேட்டார். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது: அவள் ஊருக்கு 3.20க்கு ஒரு பேருந்து, அதை விட்டால் 6.30க்கு. 6.30 வண்டியில் போனால் இறங்கும் இடத்திலிருந்து இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இதை அவளிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. அவளும் இதைச் சொல்லத்தக்க காரணமாக நினைக்கவில்லை. பெண் ஆசிரியர் ஒருவர் இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போய்ப் பேசியதால் அவள் திரும்பி வந்தாள். எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

பெற்றோருக்குத் தகவல் சொல்வது எப்போதும் நல்லதுதான் என்ற எண்ணம் படித்த, நகரத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுந்த எண்ணம். முதல் தலைமுறை மாணவியின் வீட்டில், படிப்பைத் தொடரலாமா கூடாதா என்ற பேச்சு ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக நடக்கிறது. கல்லூரியிலிருந்து வரும் ஒரு புகார் அந்தப் பேச்சை முடித்துவைத்துவிடக்கூடும். உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, முதலில் மாணவியிடம் பேச வேண்டும். வீட்டில் யாரிடம் பேசுவது, என்ன சொல்வது என்பதை அவளிடமே கேட்டு முடிவுசெய்ய வேண்டும். அதேபோல, முதல் சந்திப்பில் "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டால், "நல்லா போகுது சார்" என்ற விடைதான் கிடைக்கும். எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறாய், காலையில் சாப்பிட்டாயா, விடுமுறை நாளில் எங்காவது வேலைக்குப் போகிறாயா, கைப்பேசி உன்னுடையதா அண்ணனுடையதா என்று கேட்டால், அந்த விடைகளுக்குள்ளேயே வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் ஒளிந்திருக்கும்.

இனி, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவறு. பின்தங்கிய பின்னணியிலிருந்து வருபவர்களுக்கு உதவி என்றாலே சிறப்பு வகுப்பு, எளிமையாக்கிய குறிப்பு, "பாஸ் மார்க்குக்கு இது போதும்" என்ற அறிவுரை என்று ஆகிவிட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் இதே கேள்வி எழுந்தது. நன்றாகப் படித்துச் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் முதலாண்டு நுண்கணிதத்தில் ஏன் தோற்கிறார்கள் என்று கேட்டபோது, ஊக்கமின்மை, மோசமான பள்ளிப் படிப்பு, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்று ஆசிரியர்கள் காரணங்களை அடுக்கினார்கள். அப்போது அங்கே ஆய்வு மாணவராக இருந்த யூரி ட்ரெய்ஸ்மன், கறுப்பின மாணவர் இருபது பேரையும் சீன அமெரிக்க மாணவர் இருபது பேரையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்க் கவனித்தார். அந்தக் காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. சீன அமெரிக்க மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு மாலையில் கூடி, ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தி, பழைய வினாத்தாள்களைச் சேர்ந்து போட்டுப் பார்த்தார்கள். கறுப்பின மாணவர்கள் அறைக்குள் தனித்திருந்து மணிக்கணக்கில் உழைத்தார்கள்; தவறு எங்கே என்று சொல்ல அருகில் ஆளில்லை. எனவே அவர் தொடங்கிய பட்டறையில் எளிய கணக்குகளுக்கு இடமில்லை; கடினமான கணக்குகளைக் குழுவாகச் சேர்ந்து போட வைத்தார். தேறாதவர்களுக்கான வகுப்பு என்று அதற்குப் பெயர் சூட்டவில்லை. திறமைக்கான இடமாகவே அதை நடத்தினார். அதில் சேர்ந்தவர்களின் மதிப்பெண்கள் நன்றாக உயர்ந்தன.

நம் ஊரில் இதை அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழ்வழியில் படித்து வந்த மாணவனை ஓரமாக உட்காரவைத்து ஆங்கில இலக்கணம் நடத்துவதைவிட, நான்கு பேர் கொண்ட கலப்புக் குழுவில் சேர்த்து, கேள்வியைத் தமிழில் பேசித் தீர்த்து ஆங்கிலத்தில் எழுதவைப்பது பலன் தருகிறது என்பதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். தேர்ச்சியை வைத்து மாணவர்களைப் பிரித்து உட்காரவைப்பதும், எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதும் கூடாது என்று மாணவர் மனநலம் குறித்து 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

அதே வழிகாட்டுதல்கள், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கின்றன. இது வழிகாட்டி ஆசிரியர்களுக்கு நிம்மதி தர வேண்டிய செய்தி. மாணவர் தூங்குவதில்லை, உண்பதில்லை, வாழ்ந்து என்ன பயன் என்கிறார் என்றால், அறிவுரை சொல்லித் தேற்ற முயல்வது ஆபத்தான தவறு. அவரைத் தனியே விடாமல் உடனிருந்து, ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நள்ளிரவானாலும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் தமிழில் பேசலாம். அந்த எண் குழுவிலுள்ள ஒவ்வொருவர் கைப்பேசியிலும் முதல் நாளே ஏறியிருக்க வேண்டும்.

ஒரே ஆசிரியர் வழிகாட்டியாகவும் அதே மாணவருக்கு இன்டர்னல் மதிப்பெண் போடுபவராகவும் இருப்பதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். மதிப்பெண் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. பட்டியலின மாணவர்கள் அனைவரையும் துறையிலுள்ள ஒரே பட்டியலின ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுவதும் தவறுதான். அவரிடம் போக விரும்பும் மாணவருக்கு வழி திறந்திருக்கட்டும். ஆனால் அந்தப் பொறுப்பை அவர் தலையில் மட்டும் ஏற்றினால், மற்ற ஆசிரியர்கள் எதையும் கற்றுக்கொள்ளாமலேயே ஓய்வுபெறுவார்கள். மூத்த மாணவர்களைத் துணை வழிகாட்டிகளாக வைப்பது மிக நல்ல ஏற்பாடு. என்றாலும் எதைக் கேட்கலாம், எதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு நாளாவது பயிற்சி தராமல் அனுப்பினால், அது ராகிங்குக்கு நாமே வழிசெய்து தந்ததாகிவிடும்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும், தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதைத் தேர்வுக்கு முந்தைய நாள் நினைவுகூர்ந்து பயனில்லை. பருவம் தொடங்கும்போதே தேர்வுப் பிரிவில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒரு தவறு: வழிகாட்டியைச் சொல்லாமல் மாற்றுவது. முதலாண்டில் தன் வீட்டுக் கடனையும் தந்தையின் குடியையும் ஒருவரை நம்பிச் சொன்ன மாணவர், ஜூன் மாதம் திரும்பி வரும்போது அறிவிப்புப் பலகையில் வேறொரு பெயரைப் பார்க்கிறார். அதே கதையை இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்ல அவருக்கு மனம் வருவதில்லை. அந்த ஆண்டு முழுவதும் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். மாற்றம் தவிர்க்க முடியாததானால், பழைய வழிகாட்டி மாணவரைத் தனியே அழைத்து, "புதியவரிடம் எதையெல்லாம் சொல்லட்டும், எதைச் சொல்ல வேண்டாம்?" என்று கேட்க வேண்டும். பிறகு மூவரும் ஒருமுறை சேர்ந்து உட்கார வேண்டும். அரை மணி நேரம் போதும்.