வாரண்டி முடிந்த மறுமாதமே வாட்ச் படுத்துவிடுகிறதா? செய்யக்கூடாத தவறுகள்

ஸ்மார்ட் வாட்சோ புளூடூத் இயர்பட்ஸோ, வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம்தான். பதிமூன்றாம் மாதம் அது செத்தால் "தேதி பார்த்து செட் பண்ணி வச்சிருக்கான்" என்று கம்பெனியைத் திட்டுகிறோம். மட்டமான பேட்டரியும் பசையும் வைப்பவர்கள் மேல் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் பழுது அன்றைக்குத் திடீரென்று வருவது குறைவு. சார்ஜிங் பின் அரிப்பதும், பின்மூடி பசை விடுவதும், பேட்டரி தளர்வதும் பல மாதம் முன்பே தொடங்கியிருக்கும். அதை வாரண்டிக்குள் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு.

பதினோராம் மாதத்துக்குப் போனில் ரிமைண்டர் போடுங்கள். முழு சார்ஜ் எத்தனை நாள் தாங்குகிறது, பின்மூடியின் விளிம்பில் நகம் நுழைகிற அளவு இடைவெளி தெரிகிறதா, டிஸ்ப்ளே ஒரு மூலையில் தூக்கியிருக்கிறதா, மைக், வைப்ரேஷன், இதயத்துடிப்பு சென்சார் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்ப்ளே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தி ஒட்டவைக்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீர்

'வாட்டர்ப்ரூஃப்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஒகேனக்கல் அருவியில் வாட்சோடு நிற்பவர்கள் ஏராளம். பெட்டியில் போடும் ஐபி என்பது தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறியீடு. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68-இன் ஆழத்தையும் நேரத்தையும் கம்பெனியே குறிப்பிடும். இரண்டுமே அசையாத நல்ல தண்ணீரில் மூழ்கவைக்கும் சோதனைகள். தண்ணீர் வேகமாக மோதுவது அவற்றில் இல்லை. 5 ஏடிஎம் (அழுத்த அளவு) என்பதும் 50 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தைப் புது வாட்ச் தாங்கியது என்பதுதான். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் பழசாகப் பழசாக அந்தத் தாங்கும் சக்தி குறையும்.

அருவிக்கு முன் எண்ணெய் மசாஜ், பிறகு சோப்பு, ஷாம்பு. மூன்றும் வளையத்தையும் பசையையும் கெடுப்பவை. வெந்நீர் குளியல் இன்னும் மோசம். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஆறும்போது சுருங்கி, ஈரத்தை உள்ளே இழுக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் காய்ந்தாலே வெள்ளைப் படிவம் நிற்கும். அது சென்சார் கண்ணாடியிலும் சார்ஜிங் பின்னிலும் சேரும். கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

சார்ஜ்

வியர்வை காயாமல் சார்ஜரில் ஒட்டவைப்பதுதான் சார்ஜிங் பின் அரிப்புக்கு முக்கியக் காரணம். உப்பு ஈரத்தில் கரண்ட் பாய்ந்தால் மேல்பூச்சு போய்ப் பச்சைக் களிம்பு பிடிக்கும். வாட்சை அணைத்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பல சமயம் சார்ஜ் ஏறிவிடும். பிளேடு, உப்புத்தாள் வேண்டாம்.

5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போதும். நல்ல ஃபாஸ்ட் சார்ஜர் தானாகவே 5 வோல்ட்டில் நிற்கும். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பெயரில்லாத அடாப்டரில்தான் வோல்டேஜ் ஆடும். வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் போடுவது நல்லதல்ல. மாதக்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் 50 சதவீதத்தில் அணைத்து வையுங்கள். காலியாகக் கிடந்த பேட்டரி பிறகு சார்ஜே வாங்காமல் போகலாம்.

இயர்பட்ஸில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் ஸ்பீக்கர் போனதாக முடிவுகட்டாதீர்கள். பாதி நேரம் வலையில் காதழுக்கு அடைத்திருக்கும். காய்ந்த மென்மையான பிரஷ் போதும்.

பில்லும் புகாரும்

கடையில் தரும் தெர்மல் பேப்பர் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே போட்டோ எடுங்கள். வாங்கும் முன் கம்பெனி தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு (தருமபுரி நகரம் 636701, கிருஷ்ணகிரி 635001) பிக்கப் உண்டா, பக்கத்து சென்டர் எங்கே என்று பாருங்கள். சேலமோ பெங்களூரோ போய்வர ஆகும் செலவில் மலிவு வாட்சின் லாபம் கரைந்துவிடும். வாரண்டிக்குள் தெருமுனைக் கடையில் திறக்கவும் விடாதீர்கள்.

போனில் மட்டும் புகார் சொன்னால் சாட்சி இருக்காது. மின்னஞ்சல் அனுப்புங்கள், அல்லது பழுதும் தேதியும் எழுதிய ஜாப் ஷீட் வாங்குங்கள். வாரண்டிக்குள் பதிவான புகாரை இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம்.