மாற்றுத்திறனாளிகளும் ஆடுற மாதிரி கேம் பண்றது எப்படி (சின்ன டீம்களுக்கு)

கோட் பக்கம் போறதுக்கு முன்னாடி உங்க கேம்ல ஏதாவது ஒரு லெவலை எடுத்துக்கங்க. ஒவ்வொரு இடத்துலயும் பிளேயர்கிட்ட என்ன கேக்குறோம்னு பாத்துக்கிட்டே வாங்க, கண்ணால கண்டுபிடிக்கணுமா, காதால கேக்கணுமா, படபடன்னு பட்டன் அமுக்கணுமா, இவ்ளோ செகண்டுக்குள்ள முடிக்கணுமா. எங்கெல்லாம் ஒரே ஒரு வழிதான் இருக்கோ அங்க இன்னொரு வழி வைக்கணும், அவ்ளோதான் விஷயமே. "ஈஸி மோட் இருக்கே"ன்னு சிலர் சொல்வாங்க. ஈஸி மோட்ல எதிரியோட ஹெல்த் கொறையும், ஆனா ஒத்தைக் கையால ஆடுறவர் ரெண்டு பட்டனை சேத்து அமுக்கணும்ங்கிறது அப்படியேதானே இருக்கும்?

கன்ட்ரோல்ல இருந்து ஆரம்பிங்க, கடைசில பண்ணலாம்னு விட்டா இதுதான் ரொம்ப இழுக்கும். "ஸ்பேஸ் அமுக்குனா குதி"ன்னு கோட்லயே எழுதிடாதீங்க, "குதி"ன்னு ஒரு ஆக்‌ஷன் வெச்சுட்டு கீயை தனியா மாட்டுங்க, கேம் பண்ற சாஃப்ட்வேரான (இஞ்சின்) யூனிட்டில இன்புட் சிஸ்டம், கோடாட்ல இன்புட் மேப்னு ரெண்டுலயும் இதுக்கு வழி இருக்கு. இது இருந்தா ரீமேப் மெனு (எந்த பட்டன் எதுக்குன்னு ஆடுறவரே மாத்திக்கிற மெனு) போடுறது பெரிய வேலை இல்ல. 2018ல வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் பின்னாடி வரிசையா 3.5 எம்எம் ஜாக் இருக்கும், கால்ல மிதிக்கிற சுவிட்ச், பெரிய பட்டன்னு அவங்கவங்க உடம்புக்கு எது ஒத்து வருதோ அதை சொருகிக்கலாம். கேமுக்கு அது சாதா கன்ட்ரோலரா தான் தெரியும், தனியா கோட் எதுவும் வேணாம். சிஸ்டம் செட்டிங்ல பட்டனை மாத்திக்கட்டுமேன்னு விட்றாதீங்க, அப்படி மாத்துனா ஸ்க்ரீன்ல "ஏ அமுக்கு"ன்னு பழைய பட்டன் பேரே வரும், ஆடுறவர் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள மாத்திப் படிச்சுக்கிட்டு இருக்கணும். அப்புறம் புடிச்சே இருக்க வேண்டிய பட்டனுக்கு டாகிள் (ஒரு தடவை அமுக்குனா ஆன், இன்னொரு தடவை அமுக்குனா ஆஃப்), படபடன்னு தட்ட வேண்டியதுக்கு ஒரே அமுக்கு, ரெண்டும் செட்டிங்ல இருக்கட்டும்.

டைமிங்குக்கு செலஸ்ட்ட பாருங்க, அதுவும் 2018 தான், கஷ்டத்துக்கே பேர் போன கேம். அதோட அசிஸ்ட் மோட்ல கேம் ஸ்பீடை 50% வரைக்கும் கொறைக்கலாம், அடி படாமலும் ஆடலாம், தனித்தனியா ஆன் பண்ணிக்கலாம். யூனிட்டில டைம்ஸ்கேலை (கேம் ஓடுற வேகத்தோட செட்டிங், சாதாவா 1) 0.7ன்னு வெச்சா ஸ்பீடு கொறைஞ்சிடும், ஆனா மெனு அனிமேஷனும் சேந்து நகராம நகரும் (அதுக்கு இந்த மாத்தம் ஒட்டாத அன்ஸ்கேல்டு டைம் குடுங்க), ஆடியோ மட்டும் அதே வேகத்துல ஓடும், அதனால பாட்டுக்கு ஏத்த மாதிரி ஆடுற கேம்னா இந்த வழி சரிப்படாது.

கலர் மேட்டர் ஈஸி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போன்லயே பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்திப் பாருங்க, எதிரி யாரு நம்ம ஆள் யாருன்னு தெரியலைன்னா ஷேப் மாத்தணும், ஐகான் வைக்கணும். மொத்த ஸ்க்ரீனுக்கும் ஒரு ஃபில்டர் போட்டுட்டு முடிஞ்சுதுன்னு கிளம்புறது சோம்பேறித்தனம், என்னைக் கேட்டா. ஃபிளாஷ் விஷயத்துல மட்டும் விளையாட வேணாம், 1997ல ஜப்பான்ல போக்கிமான் எபிசோட் ஒண்ணுல செவப்பும் நீலமும் வேகமா மாறி மாறி மின்னி 600க்கு மேல புள்ளைங்க ஆஸ்பத்திரி போனாங்க. செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல மின்னவே கூடாது. ஸ்க்ரீன் ஷேக்கை ஆஃப் பண்ணவும் வழி வைங்க.

சப்டைட்டில்ல வசனம் மட்டும் போதாது, யார் பேசுறாங்க, பின்னாடி காலடி சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருது, அதுவும் வரணும். முதல் கட்சீன் (கதை சொல்ற வீடியோ காட்சி) ஓடுறதுக்கு முன்னாடியே செட்டிங் மெனுவைக் காட்டுங்க, கதை ஆரம்பிச்சப்புறம் போஸ் பண்ணித் தேட விடாதீங்க. தமிழ்ல சப்டைட்டில் போடுறவங்களுக்கு ஒண்ணு, யூனிட்டில எழுத்தைக் காட்டுற டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ கொம்பு எழுத்தையெல்லாம் இடம் மாத்திக் காட்டி மானத்தை வாங்கும், கோடாட் 4ல ஒழுங்கா வருது.

பார்வை இல்லாதவங்களுக்குன்னு வந்தா, 2020ல வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2ல அக்சசிபிலிட்டிக்கு (எல்லாரும் ஆடுறதுக்கான வசதிகளுக்கு) 60க்கு மேல செட்டிங் இருக்கு, பார்க்காமலே முழுசா முடிச்சவங்க இருக்காங்க. நம்மால அவ்ளோ முடியாது, ஆனா மெனுவைப் படிச்சுக் காட்ட முடியும். மொபைல்ல இஞ்சின்ல பண்ண கேம் பெரும்பாலும் டாக்பேக்குக்கு (ஸ்க்ரீன்ல இருக்கிறதைப் படிச்சுக் காட்டுற ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் ரீடர்) ஒரே வெத்து சதுரமா தான் தெரியும், அதுல ஒரு பட்டன் கூட இல்ல. கம்ப்யூட்டர் கேம்னா கோடாட் 4.5ல ஸ்க்ரீன் ரீடர் சப்போர்ட் வந்துடுச்சு. கார்டு கேம், டர்ன் பேஸ்டு கேம் (ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஆடுறது) பண்றவங்க இதை கண்டிப்பா செய்யலாம், கம்மி உழைப்புல முழு கேமையும் ஆட வெச்சிடலாம்.

டெஸ்டிங்குக்கு நண்பனைக் கண்ணை மூடிக்கிட்டு ஆடச் சொல்றதெல்லாம் டெஸ்டிங் இல்ல. தினமும் ஸ்க்ரீன் ரீடர்லயே வாழுறவரைக் கூப்பிடுங்க, காசு குடுங்க, அவர் ஆடும்போது "அங்க போங்க, இதை அமுக்குங்க"ன்னு சொல்லாம வாயை மூடிக்கிட்டு குறிப்பு எடுங்க.

ஸ்டோர் பக்கத்துல என்னென்ன வசதி இருக்குன்னு வெளிப்படையா எழுதுங்க, கேம் விக்கிற ஸ்டீம்ல இப்போ இதுக்குன்னே டிக் பண்ற இடம் இருக்கு. ரீமேப் இல்லைன்னா இல்லைன்னே போடுங்க, காசு கட்டி வாங்குனப்புறம் அதைக் கண்டுபிடிக்கிற நிலைமை யாருக்கும் வேணாம்.