வீட்டுப் படம் கீற முன்னரே விடப்படும் பிழைகள்

திருகோணமலையில் வீடு கட்ட நினைப்பவர் கட்டடக் கலைஞரிடம் போகும்போது வழக்கமாக ஒரு கணக்கோடுதான் போவார்: மூன்று அறை, இரண்டு பாத்ரூம், ஒரு ஹோல், பிறகு மேலே எடுக்க வசதியாக ஸ்லாப். அதை அப்படியே கீறிக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் பிழை அங்கேயே விழுந்துவிடுகிறது. வேலை தெரிந்தவர் அந்தக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு கதை கேட்பார். காலையில் யார் முதலில் எழும்புவது? சமையல் விறகிலா, காஸிலா? அம்மம்மாவால் படி ஏற முடியுமா? வெளிநாட்டில் இருக்கும் மகன் குடும்பத்தோடு வந்தால் யார் எங்கே படுப்பது?

திருக்கடலூர்ப் பக்கம் கடற்றொழில் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படகு கரையில் கிடக்கும். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். அதை எங்கே வைப்பது என்று அவர்களாக வாய் திறந்து சொல்லமாட்டார்கள். தினம் செய்வதை யார் தேவை என்று நினைக்கிறார்கள்? கேட்காமல் கட்டினால் புதிதாக டைல்ஸ் பதித்த ஹோலின் மூலையில் எஞ்சின் நிற்கும், மண்ணெண்ணெய் மணம் படுக்கையறை வரை போகும். நடுச்சாமத்தில் கடலுக்குப் புறப்படுகிறவர், பிள்ளைகள் படுத்திருக்கும் இடத்தைத் தாண்டாமல் வெளியே போக வழி இருக்கிறதா? வலை காயவைக்க, சிக்கெடுக்க நிழல் எங்கே? ஒரு அரை நாள் அந்த வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்தால் இவ்வளவும் தெரிந்துவிடும்.

இலங்கைக்கு இது புதிதும் அல்ல. 1950களில் கண்டி வட்டபுலுவ வீட்டுத்திட்டத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, அங்கே குடியேறப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, நேரிலும் பேசித்தான் வீடுகளை வகுத்தார். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டிக்கொடுத்த வீடுகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. விறகில் சமைப்பவர்களுக்குப் புகை போக வழியில்லாத குசினியைக் கொடுத்தால் என்ன நடக்கும்? பின்பக்கம் தகரத்தால் ஒரு கொட்டில் இறங்கும், குசினி சாமான் அறை ஆகிவிடும். பாவித்தவர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காணியை ஒரே ஒரு நாள், அதுவும் வெயில் ஏற முன்னர் போய்ப் பார்த்துவிட்டு வருவது அடுத்த பிழை. இங்கே ஒரே வளவு வருடத்தில் இரண்டு விதமாக இருக்கும். மே தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து சூடும் புழுதியுமாக அடிக்கும். நவம்பர் தொடக்கம் வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து சாய்வாக மழை. கச்சானில் பார்த்துவிட்டு, ‘கடல் பக்கம்தானே, பெரிய ஜன்னல் வைப்போம்’ என்று முடிவெடுத்தால் மார்கழியில் கட்டில் நனையும். கூரையை வெளியே நீட்டியிருக்க வேண்டிய இடம் அது.

வெயிலைப் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. வடக்குச் சுவரில் வெயில் விழாது என்பார்கள். வட இந்தியாவுக்கு அது பெரும்பாலும் சரி. நாம் இருப்பது கிட்டத்தட்ட 8.5 பாகை வட அகலக்கோட்டில். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். ஊர் வேகும் மாதங்களும் அவைதான்.

காணிக்காரரிடம் ‘வெள்ளம் வருமா?’ என்று கேட்டுப் பிரயோசனமில்லை. விற்பவர் வராது என்றுதான் சொல்வார். அயல் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மகாவலி கொட்டியாரக்குடாவில் கடலோடு சேர்வதால் மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தாழ்ந்த காணிகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மண் கொட்டி உயர்த்தினால் சரி என்பது அரை யோசனை. அந்தத் தண்ணீர் பக்கத்து வளவுக்குத்தான் போகும், அப்புறம் வேலிச் சண்டை.

அயல் வீட்டை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்கலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பத்துப் பதினைந்து வருடமான வீடு இருந்தால், கேட்டுக்கொண்டு உள்ளே போய் ஸ்லாப்பின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். பூச்சு வெடித்துத் துருப்பிடித்த கம்பி தெரிந்தால், உப்புக்காற்று உங்கள் வீட்டையும் விடாது. கம்பிக்கு மேல் எவ்வளவு கொங்கிரீட் மூட வேண்டும், ஜன்னலுக்கு இரும்பா அலுமினியமா என்பதெல்லாம் அங்கே நின்று எடுக்க வேண்டிய முடிவு. கிணற்றுத் தண்ணீரை மழைக்காலத்தில் மட்டும் ருசி பார்க்காமல் ஓகஸ்டிலும் பாருங்கள்.

நிலையம், அதாவது மனை சாத்திரம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. படம் முடிந்த பிறகு சாத்திரியாரிடம் போவதுதான் தொல்லை. வாசல் இந்தத் திசை, அடுப்பு அந்த மூலை என்ற நிபந்தனைகளை முதல் நாளே மேசையில் வைத்தால் காற்றையும் அதையும் சேர்த்து ஒப்பேற்றலாம். முடிந்த படத்தில் குசினியைத் தூக்கி மாற்றினால் முழு வீடும் கெடும்.

காகித வேலையையும் முன்னரே செய்யுங்கள். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து (கடல் பெருகும்போது தண்ணீர் வழக்கமாக ஏறும் கோடு) நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி தேவைப்படும். இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களில் வேலிகள் நகர்ந்திருக்கும், எல்லைக் கல் காணாமல் போயிருக்கும். காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள அளவும் நிலத்தில் உள்ள அளவும் ஒத்துவருகிறதா என்று அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, அந்த வரைபடத்தின் மேல் வீட்டைக் கீறச் சொல்லுங்கள்.