புது சம்ப்பில் சென்ட்ரிங் பிரிக்க இறங்கும் முன்

பழைய செப்டிக் டேங்க்கில் விஷவாயு இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னும் ஒரு சொட்டுக் கழிவு விழாத புது டேங்க்கும், புது சம்ப்பும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) ஆளைக் கொல்லும் என்பது பல மேஸ்திரிகளுக்கே தெரியாது. சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) அடித்துத் தளம் போட்டு, மேன்ஹோலை மூடி, வாரக்கணக்கில் விட்டுவிடுகிறோம். தேங்கிய தண்ணீரில் ஊறிய பலகையும் சவுக்கு முட்டும் மக்க மக்க, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. கார்பன் டை ஆக்சைடு அடியில் சேர்ந்து நிற்கிறது. வாடை இருக்காது. இறங்கியவர் சத்தம்கூடப் போடாமல் சுருண்டு விழுவார்.

முதலில் மூடியை முழுசாகத் திறந்து, தண்ணீரை மேலிருந்தே இறைத்துவிடுங்கள். டீசல், பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கவே கூடாது; அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு வரும்.

அடுத்து புளோயர், அதாவது வெளிக்காற்றை உள்ளே ஊதும் இயந்திரம். அதன் குழாய் தொட்டியின் அடிவரை போக வேண்டும். தொட்டி வாயருகே வைத்த டேபிள் ஃபேன் அடிக்காற்றை அசைக்காது. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது இன்னும் ஆபத்து: ஒரு பொறி பட்டால் துணியும் பலகையும் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பிறகு கேஸ் டிடெக்டரை (உள்ளிருக்கும் வாயுக்களை அளக்கும் கருவி) கயிற்றில் கட்டி இறக்குங்கள். மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்திலும் சற்று நிறுத்திப் பாருங்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், தொட்டிக்குள் 19.5-க்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்ப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விஷவாயு இருப்பதை அது காட்டாது, எரிவாயு இருந்தால் வெடிக்கும்.

இறங்குபவருக்கு முழு உடல் ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பாதுகாப்பு வார்), அதில் கட்டிய கயிறு, மேலே முக்காலித் தாங்கியும், கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் வின்ச்சும். விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. வாயருகே ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்க வேண்டும். டீ வாங்கக்கூட நகரக் கூடாது. வேலை முடியும்வரை புளோயர் ஓடட்டும். நின்றுவிட்டால் ஆளை உடனே மேலே ஏற்றுங்கள்.

உள்ளே ஒருவர் விழுந்தால் கூட இருப்பவர் மனசு கேட்காமல் குதித்துவிடுவார். அண்ணனைத் தொடர்ந்து தம்பியும் போவது இப்படித்தான். இத்தகைய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 1986-லேயே எச்சரித்தது. வின்ச்சைச் சுற்றி மேலே இழுங்கள், 112-க்கு அழையுங்கள், புளோயரை நிறுத்தாதீர்கள். குதிக்காதீர்கள்.

புழக்கத்தில் உள்ள செப்டிக் டேங்க்குக்கு இந்த முறை வேண்டாம். தமிழ்நாட்டில் 14420-க்கு அழைத்தால் கழிவு உறிஞ்சும் லாரி வரும்.