நிதிக்கு விண்ணப்பிக்கும் முன் மலையை ஒருதரம் சுற்றி வாங்க

"பணக்கார நாடுகள் கோடிக்கணக்கில தருதாமே அண்ணே, நம்ம தோட்டத்துக்கு வராதா?" என்று இலங்கை மலையகத்தில் எங்கள் இளைஞர் கழகத் தம்பி ஒருவன் கேட்டான். 2022 டிசம்பரில் மொன்றியலில் நாடுகள் ஒப்புக்கொண்டதைப் படித்திருக்கிறான்: பல்லுயிர் பாதுகாப்புக்கு வளர்ந்துவரும் நாடுகளுக்கு 2030க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 3,000 கோடி டொலர். அது இலக்குதான், காசோலை இன்னும் எழுதப்படவில்லை. அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்து வாசல் தெரியாது. அரசுகள் பணம் போடும் உலகளாவிய சுற்றாடல் வசதி (GEF) என்ற நிதி அமைப்பு 1992 முதல் சிறு நன்கொடைத் திட்டம் நடத்துகிறது. ஊர்ச் சங்கங்களும் கேட்கலாம்.

எங்கள் பக்கத்து விண்ணப்பங்கள் அதிகம் சறுக்குவது நிலத்தில்தான். ஓடைக்கரையில் மரம் நடுவோம் என்று எழுதிவிடுகிறோம். அந்தக் கரை யாருடையது? தோட்ட நிலம் அரசுடையது, 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. நாமோ லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறோம். கடைசி வாரத்தில் தொரையிடம் (தோட்ட மனேஜரிடம்) அனுமதிக் கடிதம் கேட்கப் போய், அவர் லீவில் என்று தெரிந்து, ஒரு வருட வேலையை நாங்களே இழந்திருக்கிறோம். கடிதத்தை முதலில் வாங்குங்கள், விண்ணப்பம் பிறகு.

என்ன நடுவது என்பதிலும் கவனம் வேண்டும். யூக்கலிப்டஸும் பைனும் நட்டால் மலை பச்சையாகத் தெரியும், காடு திரும்பாது. ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களில் இருக்கும் பத்தனாப் புல்வெளி தானே ஒரு வாழிடம். அதில் மரம் நடுவது அதை அழிப்பதுதான்.

அடுத்தது, ‘விழிப்புணர்வு’. ஐந்நூறு போஸ்டர் ஒட்டினோம் என்றால் எந்த உயிர் தப்பியது? 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை, மீட்ட பிறகும் செத்துப்போனது. மரக்கறித் தோட்டத்துக்கு வரும் பன்றிக்காக வைக்கிற சுருக்கில் சிறுத்தையும் மாட்டும். ஆகவே, திட்டம் தொடங்கும் முன்பே குறிப்பிட்ட ஒரு பாதையில் நடந்து எத்தனை சுருக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு மாதாமாதம் அதே பாதை. முதல் எண்ணிக்கை இல்லாவிட்டால் கடைசி எண்ணிக்கையை எதோடு ஒப்பிடுவது? பன்றித் தொல்லைக்கு மாற்று வழியும் எழுதுங்கள், இல்லாவிட்டால் கழற்றிய கம்பி மறுநாளே திரும்ப ஏறும்.

‘சங்கத்தின் பங்களிப்பு’ என்ற கட்டத்தை வெறுமையாக விட வேண்டாம். காசு இல்லாவிட்டாலும் சிரமதானம் இருக்கிறதே, அதற்கும் மதிப்புப் போடலாம். வந்தவர் பெயர், எத்தனை மணி நேரம் என்று கொப்பியில் அன்றன்றே எழுதி, கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.